பீரலு ரேந்தையில் இலை நடுவில் ஒடுங்கிப் போகிறது. ஏன்?

உவர்மலைக்காரி:
வணக்கம். நான் இருப்பது திருகோணமலை, உவர்மலையில். போன வருடம் தெற்கே வெலிகமவில் ஒரு அம்மாவிடம் பத்து நாள் தங்கிப் பீரலு பழகினேன், அதுதான் தலையணைமேல் நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு ரேந்தை (லேஸ்) பின்னுகிற வேலை. துணி நெய்தது போல வருகிற துணிப்பின்னல் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. இலைதான் வரமாட்டேன் என்கிறது. நாலு கட்டையை வைத்து நெய்கிற சின்ன இலையைத்தான் சொல்கிறேன். தொடங்கும்போது வடிவாக விரியும், பாதியில் சுருங்கிக் கயிறாகிவிடும். தங்கச்சியின் சட்டைக் கழுத்துக்கு ஆறு இலைப் பூ ஒன்று பின்னுகிறேன். ஒரு இலை அரிசி மாதிரி, அடுத்தது புடலங்காய் மாதிரி. நூல் மெல்லிசு என்பதாலா?

நிலாவெளி நூல்கண்டு:
நூலில் பிழை இருக்காது. பழகும்வரை தடித்த நூல் எடுங்கள். குறுக்கே ஓடுகிற நூலை மட்டும் சிவப்பில் சுற்றினால் எந்த இடத்தில் பிழைக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

பாலையூற்று அன்ரி:
பிள்ளை, நீங்கள் ஊடு நூலை, அதுதான் அந்தக் குறுக்கே ஓடுகிற நூலை, இழுக்கிறீர்கள். பார்க்காமலே சொல்வேன், நானும் ஒரு வருடம் அதைத்தான் செய்தேன்.

இலை என்பது தலையணைமேல் ஒரு குட்டித் தறி. நீளவாக்கில் நிற்கிற மூன்று நூல் பாவு, ஒன்று ஊடு. இரண்டு ஜோடியையும் ஒரு துணிப்பின்னலால் சேர்த்துவிட்டு, நடுவில் உள்ள ஒன்றை ஊடாக எடுத்து, அதை மற்ற மூன்றையும்விட நீளமாக விடுங்கள். போகும்போது ஓர நூலுக்குக் கீழே, நடு நூலுக்கு மேலே, மற்ற ஓரத்துக்குக் கீழே. அந்த ஓரத்தைச் சுற்றி, திரும்பும்போது மேலே, கீழே, மேலே. ஓலைப்பெட்டி இழைத்தவர்களுக்கு இது புதிதில்லை.

இப்போதுதான் விஷயம். இறுக்குவது ஊடு நூலால் அல்ல. ஊடுக் கட்டையைக் கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, ஓரத்து இரண்டு கட்டைகளையும் வெளிப்பக்கமாக அகட்டி இழுங்கள். ஊடு தானாக மேலே போய்ப் படியும். இலையின் வயிறு எவ்வளவு அகலம் என்பது அந்த இரண்டு நூல்களின் கையில். நுனிக்கு வரும்போது அவற்றைக் கிட்டக் கொண்டுவந்து, அப்போது மட்டும் ஊடைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம்.

இலை முடிகிறவரை ஊடுக் கட்டையைக் கீழே வைக்கவே வேண்டாம். ஒருமுறை கதவில் யாரோ தட்டினார்கள் என்று தலையணையில் வைத்துவிட்டு எழும்பினேன். பேத்தி மேசையில் இடித்தாள், கட்டை விளிம்பால் உருண்டு தொங்கியது. அந்தப் பாரத்துக்கே இலை குச்சியாகிவிட்டது. பேத்திக்கு ஏச்சு, எனக்கு அரைமணி நேர வேலை.

முடிந்ததும் துணிப்பின்னல் போட்டுக் குண்டூசி குத்துங்கள். பிறகு ஊடு இல்லாத ஜோடியை முதலில் வேலைக்கு எடுங்கள். ஊடு இருக்கிற ஜோடி கடைசியில், அதுவும் மெதுவாக. பலருக்கு இலை கெடுவது பின்னும்போது இல்லை, பின்னி முடித்த பிறகுதான்.

(பீரலு, ரேந்தை இரண்டுமே போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். எங்கள் பக்கத்துப் பறங்கியர் வீட்டு ஆச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும்.)

நிலாவெளி நூல்கண்டு:
அன்ரி சொன்னதோடு இன்னொன்று. நம் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்புக் குண்டூசி வேண்டாம். நான் இரண்டு கிழமை குத்தியபடியே விட்டுவிட்டேன், வெள்ளை ரேந்தையில் வரிசையாகத் துருப்புள்ளி. பித்தளை ஊசி வாங்குங்கள்.

உவர்மலைக்காரி:
அன்ரி, நன்றி! சிவப்பு நூலில் நாலு பின்னிப் பார்த்தேன். மூன்றாவதிலேயே வயிறு வந்துவிட்டது. அந்தத் துணிவில் வெள்ளையில் தொடங்கி, இலை வடிவாக முடிந்து, ஊசியும் குத்தினேன். அப்புறம் பழக்கதோஷத்தில் ஊடு ஜோடியைத்தான் முதலில் இழுத்தேன். கண்ணுக்கு முன்னாலேயே புடலங்காய். அப்படியே விட்டுவிடலாமா?

பாலையூற்று அன்ரி:
சட்டைக் கழுத்து என்கிறீர்கள், எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். அவிழ்த்துப் பின்னுங்கள் பிள்ளை. ஆனால் இன்றைக்கு வேண்டாம், பகல் வெளிச்சத்தில்.