4எஃப் அமைப்பில் விளிம்பு மட்டும் பிரிய மறுக்கிறது

ஒளியை வைத்தே படத்தின் விளிம்புகளைப் பிரிக்க 4எஃப் அமைப்பு (இரண்டு லென்ஸ்களை வரிசையாக வைத்து, அவற்றின் நடுவே ஒளியை வடிகட்டும் ஏற்பாடு) கட்டியிருக்கிறேன். நடு ஒளியை மறைத்தால் விளிம்புகள் மட்டும் ஒளிர வேண்டும். போன மாதத்திலிருந்து, படமாக வைத்த எழுத்து முழுவதும் சாம்பலாக மங்குகிறதே தவிர, விளிம்பு எழவில்லை.

632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், 200 மி.மீ. குவியத்தூர லென்ஸ்கள் இரண்டு, மறைக்க 1 மி.மீ. கறுப்புப் புள்ளி. மில்லிமீட்டருக்கு 10 கோடுள்ள கம்பிவலையை வைத்தால் ஃபூரியர் தளத்தில் (இரு லென்ஸ்களுக்கும் நடுவே ஒளி குவியும் இடம்) ஒளிப்புள்ளிகள் கணக்குப்படியே 1.27 மி.மீ. இடைவெளியில் விழுகின்றன, அவ்வளவு அழகு! துளை வைத்து வலைக்கோடுகளை அழிக்கவும் முடிகிறது. ஆக, லென்ஸ்கள் சரி.

கறுப்புப் புள்ளியின் அளவை மாற்றினேன், முன்பின் நகர்த்தினேன், லேசர் கற்றை விரியாமல் இணையாக வருகிறதா என்றும் சோதித்தேன். அப்புறம் கவனித்தது: எழுத்துள்ள பிளாஸ்டிக் படலத்தை எடுத்துவிட்டால் நடு ஒளிப்புள்ளி கூர்மை, வைத்தால் பரவுகிறது. படலத்தின் தடிமன் சீராக இல்லை என்றே சந்தேகம்.

மேடுபள்ளத்தை நிரப்பக் கிளிசரின் விட்டு, இரண்டு தட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே படலத்தை வைத்தால் இது தீருமா?