கிழங்குப் போர்

நான் சொல்லப்போகிறவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. டிராக்டரில் வந்தார், ஐந்து நிமிஷம் பேசினார், போய்விட்டார்.

வட பிரான்ஸில் சோம் ஆற்றை ஒட்டி ஓடும் கால்வாயில், அக்டோபர் கடைசியில் ஒரு வாரத்துக்குப் படகு வாடகைக்கு எடுத்திருந்தோம். நான், மனைவி, பாரிஸில் வேலை பார்க்கும் மச்சினன். படகு நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகமாகப் போகும். மேல்தளத்தில் மூன்று சைக்கிள். காலையில் பனிமூட்டம், தண்ணீரெல்லாம் பாப்ளர் மரத்து மஞ்சள் இலை, கரையோரக் குட்டைகளில் தூண்டிலோடு யாராவது ஒருவர். முதல் உலகப் போரில் இங்கேயா சண்டை நடந்தது என்று தோன்றும். நடந்தது இந்தப் பள்ளத்தில் இல்லை, பெரும்பாலும் வடக்கே உள்ள மேட்டுநிலத்தில்.

கப்பி என்ற ஊரில் படகைக் கட்டினோம் (மச்சினன் கடைசிவரை காப்பி என்றே சொன்னான்). பிரே வழியாக மேடேறினால் கண்ணுக்கெட்டிய தூரம் உழுத வயல். சுண்ணாம்பு பூமி; பழைய பதுங்குகுழி ஓடிய இடங்கள் இன்றும் உழவில் வெள்ளைக் கோடாகத் தெரிகின்றன. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கைப் பிடுங்கி, சாலையோரம் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். நம்மூர் வைக்கோல் போர் மாதிரி இது கிழங்குப் போர் என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்துக் கரண்டு கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"அத்தான், அப்படியே பின்னாடி வாங்க."

கம்பத்தின் அடியில், முழங்கை நீளத்துக்குத் துருப்பிடித்த ஒரு பீரங்கிக் குண்டு. ஒரு பக்கம் ஈரமண் அப்பியிருந்தது; முனை மட்டும் உருக்குலையாமல் இருந்தது. என் பெடலுக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும்.

அப்போதுதான் அந்த டிராக்டர். இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கலாம். நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். நிதானமாகப் போய், கம்பத்தில் சாய்ந்திருந்த சைக்கிளை இரண்டு கையாலும் நேராகத் தூக்கி, கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். குண்டைக் கிழங்கோடு கிழங்காக எடுத்துக் கம்பத்தடியில் வைத்ததே அவர்தானாம். தகவல் சொல்லியாகிவிட்டது, அரசாங்க ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள் என்றார். மச்சினன் மொழிபெயர்த்தான்: "வருஷா வருஷம் வரும்ங்கிறார். அவங்க தாத்தா காலத்துலயும் வந்துச்சாம்."

வராமல் என்ன செய்யும்? ஜெர்மன் படைகள் மீதான 1916 ஜூலை 1-ஆம் தேதித் தாக்குதலுக்கு முந்தைய ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுட்டவை சுமார் 15 லட்சம் குண்டுகள். அவற்றில் ஏராளமானவை வெடிக்காமல் மண்ணுக்குள் போயின. அத்தனை சுட்டும் அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,240 பேர் இறந்தார்கள். குளிரில் மண் உறைந்து இளகும்போது குண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். மிச்சத்தைக் கலப்பை பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் லோங்வால் வரை போனோம். அதே ஜூலை 14 அன்று 20-வது டெக்கான் ஹார்ஸ் என்ற இந்தியக் குதிரைப்படை ஈட்டியோடு பாய்ந்த வயல் அந்தப் பக்கம்தான். ஹைதராபாத் படையில் தொடங்கிய ரெஜிமென்ட் அது. இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே குதிரை! அங்கேயும் இப்போது பீட் கிழங்கு. நான் வரப்பைத் தாண்டவில்லை.

போகிறவர்களுக்கு: படகுக்காரர்கள் தரும் சைக்கிளில் டயர் மெலிசு. மழை பெய்திருந்தால் அந்த வெள்ளை மண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரமே சுற்றாது. அதைக் குச்சியால் நோண்டி எடுக்க நிறுத்துவீர்கள். சாய்ப்பதற்கு முன்னால் கம்பத்தடியைப் பாருங்கள்.