புதுப்பிப்பு: காது ஆபரேஷனுக்குக் கழுத்து எக்ஸ்ரே எதற்கு?

கோல்டன்ஹார் என்ற பிறவிக் கோளாறு (காது, தாடை போன்றவை சரியாக உருவாகாதது) உள்ள மகளுக்கு (7 வயது) காது ஆபரேஷனுக்கு முன் கழுத்து எக்ஸ்ரே கேட்கிறார்கள், தேவைதானா என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்துவிட்டோம். கழுத்து முள்ளெலும்பில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டியிருக்கின்றன. கருவில் காது, தாடை உருவாகும் வாரங்களில்தான் முதுகெலும்பும் உருவாகிறது. அதனால் கோளாறுகள் சேர்ந்து வரலாமாம்.

குனியவைத்து ஒன்று, அண்ணாந்து பார்க்கவைத்து ஒன்று என எடுத்தார்கள். (அண்ணாந்து பார்க்கவைக்க மின்விசிறியைக் காட்ட வேண்டியிருந்தது!) நல்லவேளை, எலும்பு நழுவவில்லை. மயக்க மருந்து டாக்டருக்கு இது முக்கியம்: தொண்டையில் குழாய் செருகும்போது கழுத்தை அதிகம் வளைக்க மாட்டார்.

குட்டிக்கரணம் கூடாதாம், அதற்குத்தான் ஒரே அழுகை. அப்புறம், இதோடு சிறுநீரகக் குறையும் வரலாம் என்பதால் அந்த ஸ்கேன் அடுத்த வாரம்.