ஆராய்ச்சி மாணவர்கள் உங்கள் வேலையிடத்துக்கு வந்திருக்கிறார்களா? அனுபவம் சொல்லுங்கள்

மாந்தோப்பு:
ரெண்டு சீசன் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். ஜூன் மாதம், பெங்களூரா மாம்பழ லோடு ரோடு வரைக்கும் நிற்கிற நேரம், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிஎச்டி பொண்ணு ஸ்டாப்வாட்சோடு வந்தது. டைம் ஸ்டடிதான், ஒரு வேலைக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பது. நான்தான் லைனில் போய், "காலேஜிலேருந்து வந்திருக்காங்க, நல்லா செஞ்சு காட்டுங்கக்கா" என்று சொன்னேன். காம்பு நறுக்கும் மேஜையில் நாலாவதாக நிற்கிற பர்கூர் அக்கா, ஸ்டூலை முந்தானையால் துடைத்து அந்தப் பொண்ணை உட்காரவைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். அப்படி ஒரு வேகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை, சாறு முழங்கை வரை வழிகிறது, துடைக்கக்கூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு இலை போடுகிற மாதிரி செய்தார். ஒரு கிரேட், அதாவது ஒரு பெட்டிப் பழம், 100 விநாடி.

அந்த 100 அப்படியே ரிப்போர்ட்டில் ஏறியது. அடுத்த மாதமே நிர்வாகம் மணிக்கு 36 கிரேட் என்று டார்கெட் போட்டுவிட்டது. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏன் தம்பி, அந்தப் பாப்பா நம்ம நல்லதுக்குத்தான வந்துச்சு?"

தருமபுரி மகன்:
வருத்தமாக இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஆராய்ச்சிக்காரர்களே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். அம்மாவைச் சர்க்கரைக்குக் காட்டுகிற ஆஸ்பத்திரியில் ஒரு எம்பிஏ பையன் வாசலில் உட்கார்ந்து, யார் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று மூன்று வாரம் குறித்துக்கொண்டே இருந்தான். அம்மா வெறும் வயிற்றோடு துவண்டு கிடக்க, "எண்ணி என்னப்பா ஆகப்போகுது" என்று கேட்டுவிட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினான். சராசரியாக ஹாலில் 40 பேர், டாக்டர் பார்த்து அனுப்புவது மணிக்கு 10 பேர், அப்போ ஒருத்தருக்கு 4 மணி நேரம். லிட்டில் விதியாம், ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து உட்காருகிறீர்கள் என்றான். இப்போது டோக்கனிலேயே மணி போட்டுத் தருகிறார்கள். அம்மா 11 மணிக்குப் போய் 12க்குள் வந்துவிடுகிறார்.

ஓசூர் ஷிப்ட்:
தருமபுரி சார், வரிசையை எண்ணினால் வரிசை வேகமாகாது, ஆளை எண்ணினால் ஆள் மாறிவிடுவார். ரெண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளிலிருந்துதான் இதற்கு "ஹாதார்ன் விளைவு" என்ற பெயரே வந்தது. சிப்காட்டில் எங்கள் பிரஸ் ஷாப்பிலும் பார்த்தேன், வாட்சைக் கண்ட ஆபரேட்டர் டீக்கே போகவில்லை, அன்றைய ஷீட்டைக் கிழித்துப் போட்டேன்.

மாந்தோப்பு சார், உங்கள் கேஸில் தவறு வாட்சில் இல்லை, ரேட்டிங் போடாததில், அதாவது ஆள் சாதாரண வேகத்தைவிடக் கூடவா குறைவா என்று மதிப்பிட்டு நேரத்தைத் திருத்தாததில். அக்கா சாதாரண வேகத்தைவிட 20 சதவீதம் கூடுதல் என்றால் 100ஐ 120 ஆக்க வேண்டும். அப்புறம் களைப்பு, தண்ணீர், பாத்ரூம் எல்லாவற்றுக்கும் அலவன்ஸ் நேரம், 15 சதவீதம் வைத்தாலும் 138 விநாடி. மணிக்கு 26 கிரேட்தான் வரும், 36 இல்லை. ஒரே ஆளை ஒரே நாள் பார்க்கவும் கூடாது, காலையில் ஒரு தடவை, ஷிப்ட் முடிகிற நேரம் ஒரு தடவை, குறைந்தது நாலைந்து நாள். முதல் நாள் எழுதியதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பழம் கனிந்திருக்கிறதா, கத்தி தீட்டியிருக்கிறதா என்பதையும் குறிக்க வேண்டும். முக்கியமாக, ரிப்போர்ட் நிர்வாகத்துக்குப் போகும் முன் லைனில் நிற்பவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாந்தோப்பு:
சார், இது அன்றைக்கே தெரிந்திருந்தால் நான் வாயைத் திறந்து "நல்லா செஞ்சு காட்டுங்க" என்று சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஆபீஸ் பீரோவிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். "பணியாளர் 4: 100 விநாடி." ரேட்டிங் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அந்தப் பொண்ணின் மெயில் முகவரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. அக்கா அன்றைக்கு எப்போதும் செய்கிற வேகத்தில் செய்யவில்லை, நான் சொன்னதால் செய்தார் என்று நேற்று ராத்திரி எழுதி அனுப்பியிருக்கிறேன். 138 கணக்கை நாளைக்கு மேனேஜரிடம் கொண்டுபோகிறேன்.