புதிதாகச் சேர்ந்த சிஸ்டர்களுக்கு எப்போது நைட் போடலாம்?

இன்சார்ஜ் சிஸ்டர், திருநெல்வேலி:
எங்கள் மெடிக்கல் வார்டுக்குப் படிப்பு முடித்த கையோடு இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒருத்தி பி.எஸ்சி. நர்சிங், இன்னொருத்தி ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ. எதைக் கேட்டாலும் கடகடவென்று சொல்கிறார்கள். டியூட்டி டாக்டருக்கு போன் போடச் சொன்னால் மட்டும் முழிக்கிறார்கள். ஆள் இல்லை, அடுத்த வாரமே நைட் போடு என்கிறது மேலிடம். எனக்கு மனசு வரவில்லை.

ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி:
நைட் போடுங்கள், ஆனால் கூடுதல் ஆளாகப் போடுங்கள். ஒரே சீனியரோடு சேர்த்துவிடுங்கள். தினம் ஒரு அக்கா என்றால் ஒருவர் சொன்னதை அடுத்தவர் மாற்றிச் சொல்வார், பிள்ளைகள் குழம்பிப்போகும்.

போன் பயத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு போதும். பெட் நம்பர், எதற்கு அட்மிஷன், இப்போது பிபி, பல்ஸ், ஆக்சிஜன் சாச்சுரேஷன், சுகர் எவ்வளவு, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும். எழுதிவிட்டு டயல் பண்ணட்டும். அவர் சொல்லும் மருந்தையும் டோஸையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும்.

என் பெரிய கவலை இன்சுலின்தான். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) 100 யூனிட் உள்ள வயலும் ஒரே ஃபிரிட்ஜில் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 வயலில் சிவப்பு மூடி சிரிஞ்சால் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட்! படித்திருப்பார்கள்தான், ராத்திரி மூன்று மணிக்கு ஞாபகம் வரணுமே. வயலையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்துக் காட்டுங்கள். இன்சுலினோ பொட்டாசியம் குளோரைடோ, இன்னொருவர் பார்க்காமல் போடக் கூடாது. பொட்டாசியத்தை நேராக வெயினில் (ரத்தக்குழாயில்) தள்ளவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புது நர்ஸ், கோவை:
எனக்கு டாக்டரைவிட நோயாளியோடு கூட இருக்கும் அட்டெண்டர்கள்தான் பயம். வெயின் கிடைக்கவில்லை என்றால் உடனே, "பெரிய நர்ஸைக் கூப்பிடும்மா" என்பார்கள். இரண்டு தடவை குத்தியும் கிடைக்காவிட்டால் ஆள் மாற்று என்பது எங்கள் வார்டு வழக்கம். சீனியர் அக்கா வந்தால், "இவங்களுக்கு வெயினே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போடுவார். அட்டெண்டர் முன்னால் திட்டவே மாட்டார். தனியாகக் கூப்பிட்டு நன்றாகவே வாங்குவோம், அது வேற!

இன்சார்ஜ் சிஸ்டர், திருநெல்வேலி:
சீட்டை இன்றைக்கே எழுத வைக்கிறேன் அக்கா. கூடுதல் ஆள் என்றால் மேலிடம் ஒத்துக்கொள்ளாதே?

ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி:
சரி, அப்படியென்றால் இரண்டு பேரையும் ஒரே நைட்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.