கிரீன்லாந்து ஐஸ் கோர் முகாமில் தினசரி வாழ்க்கை எப்படி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

திருச்செங்கோடு ரிக்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பா காலத்தில் இருந்தே எங்களுக்கு போர்வெல் ரிக் தொழில். என் தம்பி மகள் டென்மார்க்கில் மேல்படிப்பு படிக்கிறாள். வரும் கோடையில் கிரீன்லாந்தில் பனிப்பாளத்தின் மேல் முகாம் போட்டு ஐஸ் கோர், அதாவது ஆழத்தில் இருந்து பனியைத் தண்டு தண்டாக வெட்டி எடுக்கிற வேலைக்குப் போகிறாளாம். "பெரியப்பா, நானும் டிரில்லர் ஆகிறேன்" என்று ஒரே சந்தோஷம் அவளுக்கு. தம்பி வீட்டில் ஒரே பயம். பிள்ளை சைவம். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் எப்படி?

இன்னொன்று, எனக்கே புரியாதது. நல்ல பாறையில் எங்கள் வண்டி ஒரே நாளில் ஆயிரம் அடி போகும். அங்கே ஒரே குழியை வருடக்கணக்கில் போடுகிறார்களாம். பனிக்கட்டி பாறையைவிட மெத்துதானே? கம்ப்ரஸரும் ஹேமரும் கொண்டுபோனால் ஆகாதா?

பெருந்துறைக்காரன்:

அண்ணா, நான் கிரீன்லாந்தின் வடகிழக்கில் ஈஸ்ட்கிரிப் முகாமில் ஒரு கோடை வேலை செய்தவன். 2023-ல் அங்கே பனிப்பாளத்தின் அடி வரைக்கும், சுமார் 2,670 மீட்டர் போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் டிரில்லிங் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முகாமில் மற்ற எல்லாமே அதை வைத்துத்தான் நடக்கிறது.

போர் போடும்போது நமக்கு வேண்டியது குழி. உள்ளே இருந்து வருகிற கல்தூளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே வேண்டியது வெளியே வருகிற பனித்தண்டு, குழி இரண்டாம்பட்சம். ஹேமர் அடித்தால் தண்டு தூளாகிவிடும். அதனால் ஹேமர் கிடையாது, ராடும் கிடையாது. கேபிளில் தொங்கும் நீளமான குழாய், அதன் உள்ளேயே மோட்டார், நுனியில் வெட்டும் பல். மேல்பக்கம் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் குழிச் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் தண்டுக்குப் பதில் மெஷினே சுற்றும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மீட்டர் தண்டு, சுமார் 98 மில்லிமீட்டர் விட்டம். 2,000 மீட்டர் ஆழத்தில் இறக்கி ஏற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வேலை செய்வதும் கோடையில் மட்டும். வருடக்கணக்கு இப்படித்தான் ஆகிறது.

கேசிங், அதாவது குழிச் சுவரைக் காக்கும் குழாய், உண்டு. மேலே பல பத்து மீட்டருக்கு இன்னும் இறுகாத பனி, அது குழிக்குள் ஊற்றும் திரவத்தைக் குடித்துவிடும். நாம் மண் பகுதிக்குக் கேசிங் இறக்குவது போலவே அங்கும் இறக்குவார்கள். அதற்குக் கீழே குழி முழுக்கத் திரவம் நிற்க வேண்டும். சும்மா விட்டால் சுற்றியுள்ள பனியின் அழுத்தத்தில் குழி மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும். இதற்கு முன் நீம் என்ற முகாமில் தேங்காய் எண்ணெயில் இருந்து செய்த எஸ்டர் என்ற வேதிப்பொருளை அந்தத் திரவத்தில் கலந்திருந்தார்கள்.

இனி நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். டிரில்லிங் நடக்கும் இடம் பனிக்கு அடியில் இருக்கிறது. பள்ளம் வெட்டி, அதில் பெரிய பலூனை ஊதி நிறுத்தி, மேலே பனியைத் தூவி இறுகவிட்டு, பலூனை உருவி எடுத்துச் செய்த குகை. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே மைனஸ் இருபதுக்குப் பக்கம். தண்டு மேலே வந்ததும் திரவத்தைத் துடைத்து, முந்தைய துண்டின் உடைந்த முகத்தோடு பொருத்திப் பார்த்து, ஆழம் எழுதி, 55 செண்டிமீட்டர் துண்டுகளாக அறுக்க வேண்டும். ஆழம் போகப் போகப் பனி பழையது, தலைகீழாக வைத்துவிட்டால் காலமே தலைகீழாகிவிடும் என்பதால் ஒவ்வொரு துண்டிலும் மேல் கீழ் குறிப்பார்கள். பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை. பாப்பாவிடம் பருத்திக் கையுறையை நிறைய எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நனைந்ததை உடனே மாற்ற வேண்டும்.

சுமார் 600 முதல் 1,200 மீட்டர் வரை வரும் தண்டு ரொம்ப ஆபத்தானது. அதற்குள் அழுத்தத்தில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் மேலே வந்ததும் தண்டைத் தானாகவே வெடிக்க வைக்கும். அதை ஒரு வருடம் அப்படியே வைத்திருந்துதான் அறுப்பார்கள். அந்தக் காற்றுக்காகத்தானே இவ்வளவு பாடும்! அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் எடுத்த தண்டு எட்டு லட்சம் வருடக் காற்றை வைத்திருக்கிறது. அத்தனை காலத்திலும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டவில்லை. இன்று 420-ஐத் தாண்டி நிற்கிறது. இந்தக் கணக்கை நேரடியாகச் சொல்லும் சாட்சி இந்தப் பனிதான் அண்ணா.

1783-ல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை கக்கிய அமிலம் கிரீன்லாந்துப் பனியில் தனிப் படலமாகப் படிந்திருக்கிறது. அறுத்த முகத்தில் இரண்டு மின்முனைகளை இழுத்துக்கொண்டு போனால் அந்த இடத்தில் மின்னோட்டம் குபீரென்று ஏறும். சங்ககிரிக் கோட்டை திப்புவின் கையில் இருந்த காலத்துப் பனி அது. அதைப் பார்க்கும்போது ஊர் நினைப்பு வந்தது. இன்னும் கீழே, 11,700 வருடத்துக்கு முந்தைய பனியுகப் பனியில் தூசி கலந்த மங்கலான பட்டைகள் கண்ணுக்கே தெரியும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சமையல்காரர் உண்டு, சைவம் என்று முன்பே சொல்லிவிட்டால் செய்து தருவார். சனிக்கிழமை இரவு எல்லாரும் நல்ல உடை போட்டுக்கொண்டு உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். முகாம் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது. சின்னக் குக்கரும் துவரம்பருப்பும் கொண்டுபோகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அரிசிம்பருப்பு செய்து நெய் விட்டுக் கொடுத்தேன். டிரில்லிங் ஆட்கள் சட்டி வழித்துச் சாப்பிட்டார்கள்.

குளியல் தினமும் கிடையாது. தண்ணீர் என்றாலே பனியை வெட்டிப்போட்டு உருக்குவதுதான், அந்த வேலை முறை வைத்து எல்லாருக்கும் வரும். கோடையில் சூரியன் மறைவதே இல்லை, கண்மறைப்புத் துணி இல்லாமல் தூக்கம் வராது.

கோவைவாசி:

நான் முகாமுக்குப் போனதில்லை, இதே மாதிரித் தண்டுகளை ஆய்வகத்தில் அறுத்திருக்கிறேன். குளிர் அறையில் வியர்ப்பதுதான் கெடுதல். வியர்வை நின்றதும் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும், அதனால் வேகமாக வேலை செய்யும் முன் ஒரு அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். உள்ளாடைக்குப் பருத்தி வேண்டாம், கம்பளி நூல்தான் சரி. மாதவிடாய்க்கு வேண்டியதை அங்கே கிடைக்கும் என்று நம்பாமல் தேவைக்கு மேலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். இதை அவள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா, நீங்கள் சொல்லத் தயங்குவீர்கள்.

திருச்செங்கோடு ரிக்:

ரொம்ப நன்றிங்க. தம்பி சம்சாரத்துக்கு இதைப் படித்துக் காட்டினேன், பாதி பயம் போயிருக்கிறது. தம்பி, ஒன்றே ஒன்று. அவ்வளவு ஆழம் போகிறார்களே, அடியில் தண்ணி வந்ததா?

பெருந்துறைக்காரன்:

வந்திருக்கிறது அண்ணா! 2003-ல் நார்த்கிரிப் என்ற இடத்தில் 3,085 மீட்டரில் அடியைத் தொட்டதும் தண்ணீர் குழிக்குள் ஏறிவந்தது. அங்கே பூமியின் சூட்டில் பனிப்பாளம் அடியில் இருந்து உருகிக்கொண்டே இருக்கிறது. ஏறிய தண்ணீர் குழிக்குள்ளேயே உறைந்துவிட்டது. அடுத்த வருடம் திரும்பிப் போய் அதையும் தண்டாக வெட்டி எடுத்து வந்தார்கள். பாப்பாவை இங்கே எழுதச் சொல்லுங்கள், பெட்டி கட்டும் முன் காலணி அளவு பற்றி அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.