தமிழ்ப் புத்தகத்தை மொபைலில் வெளியிட வெப்பா, நேட்டிவ் ஆப்பா?

அல்சூர் செல்வி

பெங்களூரில் சின்னத் தமிழ்ப் பதிப்பகம் எங்களுடையது. அல்சூர், சிவாஜி நகர், பிரேசர் டவுன் தமிழ்க் குடியிருப்புகள் பற்றிய புத்தகம் அச்சில் வந்துவிட்டது. 320 பக்கம், 140 புகைப்படம், 4 வரைபடம். மூத்தவர்கள் பேசிய ஒலிப்பதிவும் 3 மணி நேரத்துக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து மொபைலில் 150 ரூபாய்க்குக் கொடுக்க நினைக்கிறோம். வேலைக்கு ஒரே ஒரு டெவலப்பர். வெப்பில் போடச் சொல்கிறவர்களும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் தனித்தனியாக நேட்டிவ் ஆப் எழுதச் சொல்கிறவர்களும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமரன்_எச்எஸ்ஆர்

வெப்தான், செல்வி மேடம். முதலில் ஆப்பிளின் விதியைப் பாருங்கள். ஆப் ரிவ்யூ விதிமுறை 4.2, வெறும் புத்தகமாக மட்டும் இருக்கும் ஆப்பை ஆப்பிள் புக்ஸில் கொண்டுபோய்ப் போடச் சொல்கிறது. அடுத்த புத்தகத்துக்கு அதே அச்சில் இன்னொரு ஆப் அனுப்பினால் 4.3-ல் ஸ்பாம் என்று திருப்பி அனுப்புவார்கள்.

செலவு: ஆப்பிளுக்கு வருடத்துக்கு 99 டாலர், கட்டாமல் விட்டால் ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கிவிடும். ப்ளே ஸ்டோருக்கு ஒரே தடவை 25 டாலர். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் திறந்த கணக்கு என்றால், 12 பேரை வைத்து 14 நாள் இடைவிடாமல் குளோஸ்டு டெஸ்ட் (அழைத்தவர்கள் மட்டும் பார்க்கும் சோதனை) நடத்தினால்தான் வெளியிட விண்ணப்பிக்கலாம். நிறுவனக் கணக்குக்கு இது கிடையாது, அதற்கு டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள எண் வாங்க வேண்டும்.

கமிஷன்: சிறு நிறுவனங்களுக்கு இரண்டிலும் 15 சதவீதம். இரண்டிலுமே அதற்கென்று தனியாகப் பதிய வேண்டும், பதியாவிட்டால் 30. வரியைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் 150-ல் 22 ரூபாய் 50 காசு போய்விடும். வெப்பில் பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தால் மூன்றரை ரூபாய்.

பணத்தை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது லிங்க். 7-ஆம் அத்தியாயத்தின் லிங்கை யாராவது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், தட்டினதும் அந்தப் பக்கமே திறக்க வேண்டும். ‘முதலில் ஆப்பை இறக்கு’ என்று காட்டினால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

ராஜி_ஆண்ட்ராய்டு

எழுத்து மட்டும் என்றால் நானும் வெப் என்றுதான் சொல்வேன். செல்விக்கா ஒலிப்பதிவைச் சொல்லியிருக்கிறார்கள், குமரன் அதைத் தொடவே இல்லை.

ஏஏசி என்ற ஒலி வடிவத்தில், நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில், 3 மணி நேரம் என்றால் சுமார் 86 எம்பி. ஒரே கோப்பாக இறக்கும்போது நடுவில் டேபை மூடினால் இறக்கம் நின்றுவிடும். பின்னணியில் தொடர்ந்து இறக்கும் வசதி குரோம் குடும்ப பிரவுசர்களில் மட்டும்தான், ஐபோனின் சபாரி பிரவுசரில் கிடையாது.

அடுத்தது சபாரியின் 7 நாள் விதி. 2020-லிருந்தே இருக்கிறது. சபாரியைப் பயன்படுத்தும் நாட்களில் 7 நாள் உங்கள் தளத்தின் பக்கம் வாசகர் வராவிட்டால், தளத்தின் ஸ்கிரிப்ட் (நிரல்) போனில் சேமித்து வைத்ததெல்லாம் துடைக்கப்பட்டுவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் ஷேர் பட்டனை அழுத்தி, பட்டியலில் கீழே போய், ஹோம் ஸ்கிரீனில் சேர்ப்பதை எத்தனை பெரியவர்கள் செய்வார்கள்? காசு கொடுத்து வாங்கியவர் லால்பாக் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து, குப்பம் தாண்டி சிக்னல் போன இடத்தில் திறக்கிறார், வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. அவருக்கு யார் பதில் சொல்வது?

நேட்டிவ் ஆப்பில், ஆண்ட்ராய்டில் ஒலி பாடுவதற்கான மீடியா3 நிரல் தொகுப்பைப் போட்டால் திரையை அணைத்தாலும் பாடும், போன் வந்தால் நிற்கும், பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

குமரன்_எச்எஸ்ஆர்

86 எம்பியை ஒரே கோப்பாக வைப்பதில்தான் கோளாறு, ராஜி. பேட்டி வாரியாக 10 நிமிடத் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் 5 எம்பிக்குள் அடங்கும். அறுந்தாலும் போவது ஒரு துண்டுதான்.

எழுத்து 70,000 சொல் என்று வையுங்கள். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக சுமார் 2 எம்பி. ப்ராட்லி என்ற சுருக்க முறையில் சுருக்கினால் அரை எம்பிக்குள் வந்துவிடும். முதல் தடவை திறக்கும்போதே சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடும் சின்ன நிரல்) முழு எழுத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். படங்களை வெப்பி வடிவத்தில் 120 கேபிக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 17 எம்பி, அவை பார்க்கப் பார்க்க இறங்கினால் போதும். ஒலி மட்டும் வாசகர் ‘சேமி’ என்று அழுத்தினால்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சபாரி ஒலிக்கோப்பை முழுசாகக் கேட்காது, இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனை வரை என்று துண்டாகக் கேட்கும். கேஷில் (போனில் சேமித்த இடத்தில்) இருக்கும் முழுக் கோப்பை ‘முழுப் பதில்’ என்ற 200 குறியோடு கொடுத்தால் பாடவே பாடாது, அல்லது நடுவுக்குத் தாண்ட விடாது. கேட்ட துண்டை வெட்டி ‘பகுதிப் பதில்’ என்ற 206 குறியோடு அனுப்ப வேண்டும். சர்வீஸ் வொர்க்கர் எழுத உதவும் வொர்க்பாக்ஸில் இதற்கு ரேஞ்ச் ரிக்வெஸ்ட் பிளகின் இருக்கிறது.

திருத்தத்தையும் யோசியுங்கள். இப்படிப்பட்ட புத்தகத்தில் ‘எங்கள் தாத்தா பெயர் தப்பாக இருக்கிறது’ என்று யாராவது நிச்சயம் எழுதுவார்கள். வெப்பில் பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். ஆப்பில் ரிவ்யூ முடிந்து, வாசகரும் அப்டேட் செய்ய வேண்டும். போதாததற்கு ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்க வேண்டும் என்ற ஏபிஐ அளவை ப்ளே ஸ்டோர் வருடா வருடம் உயர்த்துகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புது ஆப்பும் அப்டேட்டும் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ 35-ஐ, குறிவைக்க வேண்டும் என்று விதித்தது. அந்த ஒரு டெவலப்பர் வேலையை விட்டுப் போனால் இதை யார் பார்ப்பது?

தேன்மொழி_எழுத்துரு

இரண்டு பேரும் பெட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், உள்ளே போகும் எழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. செல்வி, அச்சுக்கோப்பு இன்டிசைன் பக்க வடிவமைப்பு மென்பொருளில் எந்த எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது? பாமினியா, டாம் வகையா, யூனிகோடா? பழைய குறியீடு என்றால் யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒ-காரக் குறி ஒற்றைக் குறியீடாக வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடும் பெட்டிக்கு வேறு வேறு. முழுக்கோப்பையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு இயல்பாக்கினால் இது சரியாகிவிடும். வாசகர் தேடலில் தட்டுவதையும் அதே வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

‘கௌ’ அப்படியில்லை. பலர் கெ-வுக்குப் பக்கத்தில் ள எழுத்தைப் போட்டு ‘கெளரி’ என்று அடித்திருப்பார்கள். என்எஃப்சி இதைத் தொடாது. ஒட்டுமொத்தமாக மாற்றுகிறேன் என்று இறங்கினால் ‘கெளுத்தி’ மீனும் ‘கௌுத்தி’ ஆகிவிடும். ‘கெள’, ‘மெள’, ‘செள’, ‘பெள’ என்று தேடி எடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஆட்பெயர்கள் நிறைந்த புத்தகத்தில் இதைச் செய்யாவிட்டால், தன் பாட்டி பெயரைத் தேடுகிறவருக்கு ‘இல்லை’ என்றே வரும். கால் வர வேண்டிய இடத்தில் ர அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அச்சில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போதும், இலவசம். சுருக்கும்போது அளவு குறையட்டும் என்று ஜிசப் அட்டவணையை (எழுத்து உறுப்புகளைச் சேர்க்கும் விதிகள்) வெட்டிவிடாதீர்கள், வெட்டினால் கு, மூ எல்லாம் உடைந்து உறுப்புகள் தனித்தனியாகத் தெரியும். வரியை இரண்டு பக்கமும் நேராக்க வேண்டாம். ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல்லே சின்னப் போனின் முழு வரியையும் பிடித்துக்கொள்ளும், மேல் வரியில் ஓட்டை விழும். இடதுபக்கம் மட்டும் ஒழுங்கு, வரி உயரம் 1.6-க்குக் குறையாமல்.

பக்க எண்ணை நம்பிப் புக்மார்க் வைக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு பத்திக்கும் நிலையான அடையாள எண் கொடுங்கள். நாளைக்கு ஆப் எழுதினாலும், ஈபப் (மின்னூல் கோப்பு) ஆக்கிக் கிண்டிலில் போட்டாலும் அதே எண் உதவும்.

அல்சூர் செல்வி

ரொம்ப நன்றி. கோப்பு பழைய குறியீட்டில்தான் இருக்கிறது. வாசகர்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஐபோன். இரண்டு சந்தேகம்: ப்ளே ஸ்டோரில் பெயர் தெரிந்தால்தான் நம்புவோம் என்கிறவர்களுக்கு என்ன செய்வது? பணம் கட்டியவர் போனை மாற்றினால்?

குமரன்_எச்எஸ்ஆர்

முதல் கேள்விக்கு டிடபிள்யூஏ, அதாவது வெப்தளத்தையே உள்ளே காட்டும் ஆண்ட்ராய்டு ஆப். அதே வெப்தளத்தை பபிள்ராப் கருவியால் ஆண்ட்ராய்டு ஆப்பாகக் கட்டி ப்ளேயில் ஏற்றலாம். தளமும் ஆப்பும் ஒருவருடையதே என்று காட்ட, தளத்தில் அசெட்லிங்க்ஸ் கோப்பை வைத்து அதில் ஆப்பின் கையெழுத்துச் சாவியின் எஸ்எச்ஏ-256 கைரேகையை (அடையாள எண்ணை) கொடுக்க வேண்டும். ப்ளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் இருக்கும் கைரேகையை எடுங்கள். நீங்கள் அப்லோடு செய்யும் சாவியின் கைரேகையைப் போட்டால், ஆப்பின் தலையில் முகவரிப் பட்டை தெரியும்.

இரண்டாவதுக்கு மின்னஞ்சலில் உள்நுழைவு லிங்க் அனுப்புங்கள். எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டுமென்றால், வணிக எஸ்எம்எஸ் அனுப்புவோருக்கான டிஎல்டி பதிவேட்டில் நிறுவனம், ஹெட்டர், வாசகம் எல்லாம் பதிய வேண்டும், சின்னப் பதிப்பகத்துக்கு அது பெரிய இழுப்பு. அச்சுப் புத்தகத்தில் கியூஆர் போடுவதாக இருந்தால் சொந்த டொமைன் முகவரியாகவே இருக்கட்டும். லிங்க் சுருக்கும் சேவையை நம்பி அச்சடித்து, அந்தச் சேவை மூடிவிட்டால் விற்ற பிரதிகளில் திருத்த வழியில்லை.

ராஜி_ஆண்ட்ராய்டு

டிடபிள்யூஏவாகப் போனாலும் ப்ளேயில் இருக்கும் ஆப்புக்குள் விற்றால் ப்ளே பில்லிங் விதி பொருந்தும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் மாற்றுப் பில்லிங்கையும் பக்கத்தில் காட்டலாம். ஆனால் வாசகர் அதில் கட்டினாலும் கமிஷனில் 4 சதவீதம்தான் குறையும், 15 என்பது 11 ஆகும்.

தேன்மொழி அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன், அந்த வேலைதான் முதலில். ஒலிப்பதிவில் மட்டும் என் நிலை மாறவில்லை. பழைய ஐஓஎஸ் பதிப்புகளில், ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த வெப் ஆப்பில் திரையைப் பூட்டினால் ஒலி நின்றுவிடும். சபாரிக்குள்ளேயே கேட்கச் சொன்னால் 7 நாள் விதி பிடிக்கும். அந்த ஐபோன்களில் இரண்டும் முட்டுகிறது. அதனால்தான் பதிப்பகத்தின் எல்லாப் புத்தகங்களுக்கும் சேர்த்து ஒரே நூலக ஆப்பாகப் பின்னால் எழுதச் சொல்கிறேன். பலவற்றை அடுக்கி, ஒலியும் புக்மார்க்கும் தேடலும் இருந்தால் 4.2-ஐத் தாண்ட வாய்ப்பு அதிகம்.

குமரன்_எச்எஸ்ஆர்

அந்த முட்டல் உண்மைதான். அதுவரைக்கும் ஐபோன்காரர்களுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் எம்4ஏ ஒலிக்கோப்பாக இறக்கும் பட்டன் ஒன்று வையுங்கள். அது போனின் ஃபைல்ஸில் போய் உட்காரும், சபாரி துடைக்காது. யாராவது பிரதி எடுத்து மற்றவருக்கு அனுப்பலாம்தான். பாட்டிகளின் பேச்சு நாலு பேருக்குப் பரவுவதில் பதிப்பகத்துக்கு ஆட்சேபம் உண்டா என்பதை செல்வி மேடம்தான் சொல்ல வேண்டும்.

அல்சூர் செல்வி

ஒலிக்கு ஆட்சேபம் இல்லை, பேசியவர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுவிடுகிறோம். எழுத்துக்கு மட்டும் கட்டணம். தேன்மொழி அம்மா, முதல் அத்தியாயத்தை மாற்றியில் போட்டு எடுத்து இங்கேயே ஏற்றுகிறேன், ‘கெள’ பட்டியலோடு.